பிள்ளைகளின் சத்தமும் பக்கத்து வீடும்: விளையாட்டுத் திடல் சச்சரவுகள் பற்றிய ஓர் ஆய்வு

ஜப்பானின் நகானோ நகரில், அயோகிஜிமா என்ற பகுதியில், 2004ஆம் ஆண்டு ஒரு சிறுவர் பூங்கா திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தொடக்கப்பள்ளி, மழலையர் காப்பகம், பள்ளி முடிந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையம். பிள்ளைகளுக்கான திடலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் திறந்த நாள் முதலே அருகிலுள்ள வீட்டிலிருந்து சத்தம் குறித்த புகார் வரத் தொடங்கியது. நகராட்சி விளையாட்டுச் சாதனங்களை இடம் மாற்றியது. வீட்டோரமாகச் செடிகள் நட்டுப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தப் பார்த்தது. புகார் ஓயவில்லை. நாளடைவில் பிள்ளைகளை அங்கே கூட்டிவருவதையே நிலையம் நிறுத்திக்கொண்டது. ஆளரவம் குறைந்த பூங்காவை மூடுவது என்று நகராட்சி முடிவெடுத்த செய்தி 2022 டிசம்பரில் நாடு முழுவதும் விவாதத்தைக் கிளப்பியது. 2023இல் பூங்கா மூடப்பட்டது.

ஒரு வீட்டின் புகாருக்காக ஊர்ப் பிள்ளைகளின் திடலை மூடலாமா என்று ஜப்பானில் பெரும்பாலோர் கொதித்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் ஒரு குடும்பம் முறையிட்டும் நகராட்சி சரியான தீர்வைத் தரவில்லையே என்று சிலர் கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். குடியிருப்புகளுக்கு அருகே விளையாட்டுத் திடல் அமைக்கும் திட்டம் எந்த நாட்டில் வந்தாலும் இந்த இரண்டு கேள்விகளும் எதிரெதிராக வந்து நிற்கின்றன. ஒன்றுக்குப் பதில் சொன்னால் மற்றது விட்டுப்போகிறது.

இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான், இந்தியா ஆகிய நாடுகளின் அனுபவத்தையும் சட்டத்தையும் ஒலியியலின் அடிப்படைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகும் முடிவு இது: பிள்ளைகளின் குரலைக் காப்பது சட்டத்தின் கடமை, பக்கத்து வீட்டைக் காப்பது திட்டமிடலின் கடமை. முதலாவதை மட்டும் செய்த இடங்களில் மனக்கசப்பு மிஞ்சியது. இரண்டாவதைச் செய்யாமல் விட்ட இடங்களில் திடலே பறிபோனது.

புகாருக்குள் என்ன இருக்கிறது?

"சத்தம்" என்ற ஒற்றைச் சொல்லில் பல வேறு குறைகள் பொதிந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் தீர்வு தேடினால் தவறான இடத்தில் போய் முடியும்.

முதல் வகை பிள்ளைகளின் குரல்: ஓடிப்பிடித்து ஆடும்போது எழும் கூச்சல், அழைப்பு, சிரிப்பு, அழுகை. இரண்டாவது வகை பொருள்களின் சத்தம்: எண்ணெய் காணாத ஊஞ்சல் சங்கிலியின் கிறீச்சொலி, கம்பி வலையில் பந்து மோதும் அதிர்வு, சிமெண்டுத் தரையில் கூடைப்பந்து தட்டும் ஓசை, இரும்புக் கதவு அறைபடும் சத்தம். மூன்றாவது வகை பெரியவர்களுடையது: பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் பேசுவது, கைப்பேசியில் பாட்டு வைப்பது, பிள்ளைகளை இறக்கிவிட வரும் வண்டிகளின் ஹாரன். நான்காவது வகை இரவுக்குரியது: பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு இளைஞர்கள் கூடுவது, சில இடங்களில் மது அருந்துவது.

பக்கத்து வீட்டில் இருப்பவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்கும் செவிலியர், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் கணினித் துறை ஊழியர், படுக்கையில் இருக்கும் முதியவர், பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவி, கைக்குழந்தையைத் தூங்கவைக்கப் போராடும் தாய் என்று ஒவ்வொருவரின் தேவையும் வேறு. இவர்கள் எல்லாரையும் "பிள்ளைகளைப் பிடிக்காதவர்கள்" என்று முத்திரை குத்துவது அநியாயம். அப்படி முத்திரை குத்தப்பட்டவர் அதன்பின் சமரசத்துக்கு வரமாட்டார். நேரே நீதிமன்றத்துக்குப் போவார்.

வேறு குறைகளும் சத்தத்தின் பெயரில் வெளிப்படுவதுண்டு. டோக்கியோவை ஒட்டிய இச்சிகாவா நகரில் 2016இல் திறக்கவிருந்த ஒரு மழலையர் காப்பகம் அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சத்தம் பற்றிய கவலையோடு, குறுகலான தெருவில் வாகனங்கள் கூடினால் ஆபத்து என்ற அச்சமும் அங்கே இருந்தது. தெருவின் அகலம் பற்றிய கேள்விக்கு டெசிபல் கணக்கில் பதில் கிடைக்காது.

அளவுகோல் சொல்வதும் சொல்லாததும்

ஒலியியலில் சில எளிய விதிகள் இந்த விவாதத்துக்கு மிகவும் பயன்படும். திறந்த வெளியில் ஓரிடத்திலிருந்து வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும். 5 மீட்டரில் 70 டெசிபலாகக் கேட்கும் கூச்சல் 10 மீட்டரில் 64, 20 மீட்டரில் 58, 40 மீட்டரில் 52 என்று இறங்கும். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கினாலோ 3 டெசிபல்தான் குறையும். ஆக, பிள்ளைகளை விரட்டுவதைவிட ஊஞ்சலைத் தள்ளி வைப்பதே அதிகப் பலன் தரும். ஒலி 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிள்ளைகளின் கூச்சல் ஒலிக்கும் அலைவரிசை, மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் பகுதியிலேயே விழுகிறது. தொடர்ந்து இரையும் சாலைப் போக்குவரத்தை மனம் பின்னணிக்குத் தள்ளிவிடும். எப்போது எழும் என்று தெரியாத கூச்சலையும் பந்து அடிபடும் ஓசையையும் அப்படித் தள்ள முடிவதில்லை. அளவுமானியில் போக்குவரத்துச் சத்தம் கூடுதலாகப் பதிவாகும் தெருவில்கூடத் திடலின் சத்தமே எரிச்சலூட்டுவதாக ஒருவர் சொன்னால் அது பொய் அல்ல.

இந்தியாவின் இரைச்சல் மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. இந்த வரம்பு ஒரு கணத்தின் உச்ச அளவைக் குறிப்பதில்லை. நேரத்தின் மீது பரப்பிப் பார்க்கும் சராசரியைக் குறிக்கிறது. ஒரு வீட்டருகே பகலின் 14 மணி நேரம் 50 டெசிபலும், மாலையில் பிள்ளைகள் விளையாடும் 2 மணி நேரம் 60 டெசிபலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆற்றல் கணக்கில் சராசரி எடுத்தால் சுமார் 53 டெசிபல் வரும். வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த 2 மணி நேரமும் அந்த வீட்டாருக்கு மற்ற நேரத்தைப்போல இரு மடங்கு சத்தமாகவே கேட்டிருக்கும். அதே 2 மணி நேரம் 65 டெசிபலாக இருந்தால் சராசரி ஏறத்தாழ 57க்குப் போய்விடும். சாதாரணமாக ஆடும் பிள்ளைகள் சட்ட வரம்பை மீறியவர்கள் ஆகிவிடுவார்கள். முதல் கணக்கு பக்கத்து வீட்டாரின் வேதனையைக் கண்டுகொள்வதில்லை. இரண்டாவது கணக்கு விளையாட்டைக் குற்றமாக்குகிறது. இரு தரப்பாருக்கும் எண் உதவவில்லை.

ஒருவர் எந்த அளவுக்குத் தொல்லையை உணர்கிறார் என்பதில் ஒலியின் அளவுக்கு ஒரு பங்குதான் உண்டு என்பது இரைச்சல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கண்டு சொல்லிவரும் விஷயம். அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று தெரியுமா, சொன்னால் கேட்க ஆள் இருக்கிறதா, அதை உண்டாக்குபவர்கள் மீது நம்பிக்கை இருக்கிறதா, தன் வீட்டைப் பற்றிய முடிவில் தனக்குச் சொல் இருந்ததா என்பனவும் தொல்லையின் அளவை மாற்றுகின்றன. பெயர் தெரிந்த பிள்ளையின் கூச்சலும் முகம் தெரியாத பிள்ளையின் கூச்சலும் ஒரே டெசிபலில் இருந்தாலும் ஒரே மாதிரி கேட்பதில்லை.

நீதிமன்றங்கள் நடந்து வந்த பாதை

இங்கிலாந்தில் 1977இல் தீர்ப்பான ஒரு வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. டோவர் மாவட்ட நிர்வாகம் தன் குடியிருப்பில் அமைத்த விளையாட்டுத் திடல் ஒரு ஹோட்டலை ஒட்டி இருந்தது. சத்தம் தாங்காமல் ஹோட்டல்காரர் வழக்குத் தொடுத்தார். திடலை மூடும்படி நீதிமன்றம் சொல்லவில்லை. காலை 10 மணி முதல் மாலை 6.30 மணி வரை மட்டும் திறந்திருக்க வேண்டும், 12 வயதுக்கு உட்பட்டோர் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று வரையறுத்தது. டெசிபல் எண்ணைத் தேடாமல் நேரத்தையும் வயதையும் வைத்துச் சிக்கலை அவிழ்த்த தீர்ப்பு அது. அந்த வழியின் பயன் இன்னும் குறையவில்லை.

ஜெர்மனி வேறு பாதையில் போனது. அங்கே நீண்ட காலம் மழலையர் காப்பகங்களுக்கும் திடல்களுக்கும் எதிரான வழக்குகளில், தொழிற்கூடங்களுக்கென வகுத்த இரைச்சல் அளவுகளை ஒப்புநோக்கும் பழக்கம் இருந்தது. வீடுகள் மட்டுமே உள்ள பகுதிகளில் அந்த அளவு பகலில் 50 டெசிபல். பிள்ளைகள் கூடும் எந்த இடமும் அந்தத் தேர்வில் தேறுவது கடினம். ஹாம்பர்க் நகரில் 2005இல் இப்படிப்பட்ட ஒரு வழக்கில் மழலையர் காப்பகம் ஒன்று தோற்றது. பொதுமக்களிடம் எழுந்த எதிர்ப்பு மாற்றத்துக்கு வித்திட்டது. 2010இல் பெர்லின் மாநிலம் பிள்ளைகளின் சத்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது. 2011 ஜூலையில் நாடு முழுமைக்கும் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. மழலையர் காப்பகங்கள், சிறுவர் திடல்கள், பந்தாடும் இடங்கள் போன்றவற்றில் பிள்ளைகளால் எழும் ஒலியைப் பொதுவாகக் கேடு விளைவிக்கும் சூழல் பாதிப்பாகக் கருதக் கூடாது. அதை எடைபோட இரைச்சல் வரம்பு எண்களைக் கையாளவும் கூடாது என்று சட்டம் சொல்கிறது.

"பொதுவாக" என்ற சொல்லைச் சட்டத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு இல்லம் போன்றவற்றை ஒட்டிய திடல்களைத் தனியாகப் பரிசீலிக்க அது இடம் விடுகிறது. இரவில் வளர்ந்தவர்கள் கூடி உண்டாக்கும் சத்தத்துக்கும் பெரியவர்களின் விளையாட்டு மைதானங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. சட்டம் காப்பது பிள்ளைகளின் விளையாட்டை மட்டுமே. திடல் என்ற இடத்தில் நடக்கும் எல்லாவற்றையும் அது காப்பதில்லை.

ஜப்பானில் இரண்டு போக்குகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. டோக்கியோவின் மேற்கே உள்ள நிஷிடோக்கியோ நகரப் பூங்காவில் பிள்ளைகள் நனைந்து விளையாடும் நீரூற்று ஒன்று இருந்தது. உடல்நலம் குன்றிய ஒரு பெண் தொடுத்த வழக்கில், அவர்களின் கூச்சல் வரம்பை மீறுகிறது என்று கண்டு 2007இல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நகராட்சி நீரூற்றை நிறுத்தியது. அப்போது டோக்கியோவின் சுற்றுச்சூழல் விதி, சத்தத்தை உண்டாக்குவது யார் என்று பாராமல் எண்ணை மட்டுமே பார்த்தது. மழலையர் காப்பகங்களுக்கு இடம் கிடைக்காமல் பெற்றோர் தவித்த காலத்தில் அந்த விதியே பெருந்தடை ஆனது. 2015 ஏப்ரல் முதல் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளின் குரலை அந்த எண் வரம்பிலிருந்து டோக்கியோ விலக்கியது. அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவா என்று எல்லாச் சூழலையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது புதிய நிலை. கோபே நகரின் மழலையர் காப்பகம் ஒன்றின் மீது பக்கத்து வீட்டுக்காரர் தொடுத்த வழக்கும், பொறுத்துக்கொள்ளத்தக்க அளவே என்ற காரணத்தால் 2017இல் மாவட்ட நீதிமன்றம் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை தோல்வி கண்டது.

அயோகிஜிமா பூங்கா அந்தத் தீர்ப்புகளுக்கெல்லாம் பிறகு மூடப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. அதை எந்த நீதிமன்றமும் மூடச் சொல்லவில்லை. சலித்துப்போன நிர்வாகமே மூடியது. சட்டப் பாதுகாப்பு வழக்கிலிருந்துதான் திடலைக் காப்பாற்றும். அக்கம்பக்கத்தின் மனமுறிவிலிருந்து அதைக் காப்பாற்ற வேறொன்று வேண்டும்.

தூரம், வயது, தரை, நிழல்

அந்த வேறொன்று பெரும்பாலும் வரைபடத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் திறந்தவெளிகளுக்காக நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வழிகாட்டு நெறிகள் திடல்களை வயதுக்கேற்ப மூன்றாகப் பிரிக்கின்றன. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து 100 மீட்டர் நடையில் 100 சதுர மீட்டர் இடம். அடுத்த நிலைக்கு 400 மீட்டர் நடையில் 400 சதுர மீட்டர். வளர்ந்த பிள்ளைகளுக்கு 1,000 மீட்டர் நடையில் 1,000 சதுர மீட்டர். விளையாடும் பகுதிக்கும் வீடுகளுக்கும் இடையே விடவேண்டிய தூரமும் அதற்கேற்ப 5, 20, 30 மீட்டர் என்று கூடுகிறது. சிறு பிள்ளைகளின் மணல் தொட்டியை வீட்டு வாசலருகே வைக்கலாம். கூடைப்பந்துக் கம்பத்தை அங்கே நடக் கூடாது என்பதே இதன் சாரம். வீட்டருகே திடல் வேண்டுமா, வேண்டாமா என்று சண்டை போடும் பலரும் எந்த வயதினருக்கான திடல் என்று கேட்பதே இல்லை.

தடுப்புச் சுவர் எழுப்புவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. சத்தம் எழும் இடத்தையும் கேட்கும் சன்னலையும் இணைக்கும் நேர்கோட்டை மறைத்தால்தான் சுவர் வேலை செய்யும். தரைத்தள வீட்டுக்கு அது உதவும். இரண்டாவது மாடிக்கு உதவாது. மெல்லிய செடிவரிசை ஒலியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. பார்வையை மறைத்து மனத்துக்குச் சற்று ஆறுதல் தரும். நாலாபுறமும் கட்டடங்கள் சூழ்ந்த அடுக்குமாடி முற்றத்தில் சுவர்களில் ஒலி எதிரொலித்துத் தூரக் கணக்கையே பொய்யாக்கிவிடும். தூண்கள் நிற்கும் வாகன நிறுத்தத் தளத்தில் பிள்ளைகள் ஆடும்போது எழும் முழக்கம் நம் அடுக்குமாடிவாசிகள் எல்லாரும் அறிந்தது. அங்கே ஆடாதே என்று விரட்டுவதற்கு முன் ஆட வேறு இடம் வைத்தோமா என்று கட்டியவரைக் கேட்க வேண்டும்.

சிறு செலவில் பெரும் மாற்றம் தருபவை பொருள்கள். சங்கிலிக்கும் கீல்களுக்கும் முறையாக எண்ணெய் இடுவது, அறைபடாமல் மெல்ல மூடும் கதவு, பந்து மோதும் பக்கத்தில் கம்பி வலையை இறுக்கிக் கட்டுவது அல்லது அதற்குப் பதில் கயிற்று வலை, விழும் இடத்தில் மணல் அல்லது ரப்பர்த் தரை, வீட்டுச் சுவரை ஒட்டிப் பெஞ்சு போடாமல் இருப்பது ஆகியவற்றில் எதுவும் பிள்ளைகளின் வாயை அடைப்பதில்லை. ஆனால் புகாரின் இரண்டாம், மூன்றாம் வகைகளை ஏறத்தாழத் தீர்த்துவிடும்.

நம் தட்பவெப்பத்தில் நிழலுக்கும் இதில் பங்கு உண்டு. நிழலில்லாத திடலில் பங்குனி முதல் ஆவணி வரை இரும்புச் சறுக்குமரத்தில் கை வைக்க முடியாது. அதனால் எல்லாப் பிள்ளைகளும் ஐந்து மணிக்கு மேல் ஒரே நேரத்தில் வந்து குவிகிறார்கள். பெரியவர்கள் வேலை முடிந்து ஓய்வாக உட்காரும் நேரமும் அதுவே. புங்கமும் வேம்பும் நட்டு நிழல் கொடுத்தால் விடுமுறை நாள்களில் காலையிலும் பிற்பகலிலும் விளையாட்டு பரவும். மாலை நெரிசல் தணியும்.

ஒன்று பெரிதாகவா, பல சிறிதாகவா?

ஆம்ஸ்டர்டாம் நகரின் அனுபவம் இந்தக் கேள்வியில் பெரும் வெளிச்சம் தருகிறது. கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், நகராட்சிக்காக 1947இல் பெர்டெல்மான்பிளைன் என்ற சிறு சதுக்கத்தில் முதல் திடலை அமைத்தார். 1978க்குள் அவர் வடிவமைத்த திடல்கள் 700ஐத் தாண்டின. இடிந்த வீடுகளின் வெற்று மனைகள், தெருமுனைகள், பயன்படாத மூலைகள் எல்லாம் திடல்கள் ஆயின. ஒரு மணல் தொட்டி, தொங்கி ஆடக் கம்பிகள், தாவிச்செல்லக் கற்கள், உட்காரப் பெஞ்சு ஆகியவற்றோடு முடிந்தது செலவு. சுற்றிலும் வேலி இல்லை. எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்று குடியிருப்போரே நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள்.

வீட்டுக்கு இவ்வளவு நெருக்கமான திடல்களை மக்களே கேட்டு வாங்கியது எப்படி? நகரில் திடல் எங்கும் பரவியிருந்தால் எந்த ஒரு திடலிலும் ஐம்பது பிள்ளைகள் கூட வேண்டியதில்லை. அந்தந்தத் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் ஆடுவார்கள். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் தெரியும். அயோகிஜிமாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. பள்ளி, காப்பகம், மாலை நிலையம் ஆகிய மூன்றும் சூழ்ந்த ஒரே துண்டு நிலத்தில் பிள்ளைகள் கூடினார்கள். அந்தச் சத்தத்தின் ஊற்று பிள்ளைகளின் இயல்பில் இல்லை, திடல்களின் பற்றாக்குறையில் இருக்கிறது என்பதே என் துணிபு. புகாருக்குப் பணிந்து ஒரு திடலை மூடும்போது அங்கே ஆடிய பிள்ளைகள் அடுத்த திடலில் போய்ச் சேர்கிறார்கள். அங்கே சத்தம் கூடுகிறது; அடுத்த புகார் பிறக்கிறது. மூடுவது தீர்வாக முடியாததற்குக் காரணம் இந்தச் சங்கிலிதான்.

நம் சட்டமும் நம் திடல்களும்

இந்தியாவின் இரைச்சல் விதிகள் தம் முகவுரையில் தொழில், கட்டுமானம், பட்டாசு, ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, இசைக் கருவிகள், வாகன ஹாரன், இயந்திரங்கள் ஆகியவற்றையே இரைச்சலின் ஊற்றுகளாகப் பெயர் சொல்கின்றன. பிள்ளைகளின் விளையாட்டு அதில் இல்லை. வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினால் புகார் செய்யலாம் என்பது பொது ஏற்பாடு. ஜெர்மனியைப்போலப் பிள்ளைகளின் குரலுக்கென்று வெளிப்படையான பாதுகாப்பு நம் விதிகளில் இல்லை. இதுவரை பெரிய வழக்குகள் எழாததால் அந்த இடைவெளி யார் கண்ணிலும் படவில்லை. அடுக்குமாடிகள் பெருகி, வீட்டிலிருந்தே வேலை பார்ப்போர் கூடிவரும் நகரங்களில் அது நீடிப்பது நல்லதல்ல.

ஐக்கிய நாடுகளின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாகச் சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. பொது இடங்களில் பிள்ளைகளைச் சகிக்காத போக்கைக் கவலையோடு குறிப்பிட்டு, அந்தப் பிரிவுக்கு 2013இல் விரிவான விளக்கவுரையும் வந்தது. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு சிறு வீட்டில் வளரும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் தெருமுனைத் திடலில்தான் கிடைக்கும்.

தமிழ்நாட்டின் கட்டட விதிகள் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக்கொடுக்கச் சொல்கின்றன. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான பிரிவுகளில் நிலம் ஒதுக்க முடியாவிட்டால் அதற்கு ஈடான தொகையைச் செலுத்தலாம். விதி நல்ல விதி. ஆனால் பரப்பளவை மட்டும் சொல்லி, அந்த நிலம் எங்கே அமைய வேண்டும், எந்த வயதினருக்கு, எந்த வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்விகளைத் திறந்தே விட்டுவிட்டால், விற்காத மூலை மனை திடல் ஆகிவிடும். நிலத்துக்குப் பதில் தொகை செலுத்தும் ஏற்பாடோ அந்தத் தெருவின் பிள்ளைகளுக்குத் திடலே இல்லாமல் செய்துவிடும்.

நம் நாட்டில் அக்கம்பக்கத்தார் திடலுக்காகவே போராடிய பெருமைமிக்க வழக்கும் உண்டு. பெங்களூருவில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவ அறக்கட்டளைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் குடியிருப்பின் நல்வாழ்வுக்கு இன்றியமையாதவை என்று வலியுறுத்திய தீர்ப்பு அது. ஒதுக்கிய நிலத்தின் மீது பலரின் கண் இருக்கும் நம் ஊர்களில், சத்தம் பற்றிய புகாரைக் காரணம் காட்டித் திடலைப் பூட்டிவைத்தால், பூட்டிய நிலம் நாளடைவில் வேறு பயனுக்குப் போக வழி திறந்துவிடும். உண்மையான குறை உள்ள பக்கத்து வீட்டாரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேட்கும் முறை

திட்டம் வரும்போது முதல் செய்தியே புல்டோசராக இருக்கக் கூடாது. திடலின் எல்லையை ஒட்டிய வீடுகளுக்கு அதிகாரிகள் முதலில் போக வேண்டும். ஊர்க் கூட்டம் அதன்பிறகு. யார் வீட்டில் நோயாளி இருக்கிறார், யாருடைய படுக்கையறைச் சன்னல் அந்தப் பக்கம் திறக்கிறது, எந்த நேரம் அவர்களுக்கு அமைதி வேண்டும் என்று கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளையும் கேட்க வேண்டும். இந்தக் கூட்டங்களில் ஒருபோதும் உட்காராதவர்கள் அவர்கள்தான்.

பிறகு, திறக்கும் நேரமும் மூடும் நேரமும் பலகையில் எழுதி, அந்த நேரத்தில் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்ட ஓர் ஆள் வேண்டும். விளக்கு அணைந்தால் ஆட்டம் நிற்கும். இரவு எட்டு மணிக்குக் கட்டாயம் நிற்கும் என்று தெரிந்தவர் ஏழரை மணிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வார். குறை சொல்ல ஒரு தொலைபேசி எண்ணும், சொன்னால் வந்து பார்க்க ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் முடிந்ததும் இரு தரப்பையும் உட்காரவைத்து எது ஒத்துவந்தது, எதை மாற்ற வேண்டும் என்று பேச வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்களும் "இங்கே விளையாடக் கூடாது" என்ற பலகைக்குப் பதில் எங்கே, எப்போது விளையாடலாம் என்று எழுதிவைக்கலாம்.

முடிவுரை

இந்த ஆய்வில் கண்டவற்றிலிருந்து மூன்று செயல்களை அரசின் முன் வைக்கிறேன். முதலாவது, நம் இரைச்சல் விதிகளில் பிள்ளைகளின் விளையாட்டு ஒலிக்கு எண் வரம்பு பொருந்தாது என்று வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்றவற்றுக்கும் இரவு நேரத்துக்கும் விலக்கு இருக்கட்டும். இரண்டாவது, திறந்தவெளி ஒதுக்கீட்டு விதியில் வயது வாரியான தூரத்தையும் இடத்தேர்வையும் சேர்த்து, திடல் அமைக்கும் உள்ளாட்சி அதைப் பின்பற்றியதா என்று சோதிக்க வேண்டும். மூன்றாவது, ஒரு பெரிய பூங்காவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைத் தெருதோறும் சிறு திடல்களுக்கு ஒதுக்க வேண்டும்.

மூன்றும் சேர்ந்துதான் பலிக்கும். விதிவிலக்கை மட்டும் தந்துவிட்டு வடிவமைப்பில் அசட்டையாக இருந்தால், பக்கத்து வீட்டு முதியவரின் தூக்கத்தைச் சட்டத்தின் பெயரால் பறித்தவர்கள் ஆவோம். வடிவமைப்பை மட்டும் நம்பி விதிவிலக்கைத் தராவிட்டால், நன்றாக அமைத்த திடலும் ஒரு வழக்கில் பூட்டப்படும். சிறு திடல்கள் பெருகாவிட்டால் இருக்கும் சில திடல்களில் நெரிசலும் சத்தமும் ஏறிக்கொண்டே போகும். பிள்ளைகள் கூச்சலிட்டுத்தான் விளையாடுவார்கள். அந்தக் கூச்சலுக்கு ஒவ்வொரு தெருவிலும் கொஞ்சம் இடம் ஒதுக்கினால், எந்த ஒரு வீடும் அதன் முழுச் சுமையையும் தாங்க வேண்டியிராது.